எந்த ரேக்கில் பூசினாய்?

இன்று காலை, வெல்டிங் கறை எடுக்கப் பூசும் ஆசிட் பேஸ்ட் டப்பாவின் மூடியைத் திறந்தேன். மூக்கில் ஏறிய அந்த நெடியோடு நீயும் வந்து நின்றாய், முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்கிறவன், நீ மட்டும் மாட்டவே மாட்டாய். மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. உன் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். வெல்டிங் பிடித்த கையில் இப்போது பேனா.

அந்த ஆராய்ச்சி அணு உலைக்காரர்கள் மறுபடி ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். பயன்படுத்தி முடித்த எரிபொருளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்திவைக்கும் அதே ஸ்டெயின்லெஸ் ரேக்குகள். முதல் தடவை இரண்டு செய்தோமே, அந்த நாட்களில் நீ தேன்கனிக்கோட்டை பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் என் கம்பி பிரஷ்ஷைத்தான் முதலில் பார்ப்பாய். "டேய், இரும்பு தேய்ச்ச பிரஷ் இது மேல படக்கூடாது. தூள் ஒட்டிக்கினா தண்ணிக்குள்ள துரு கிளம்பும். அந்தத் தண்ணியிலதான் எரிபொருள் வருஷக்கணக்கா கெடக்கணும்." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ரேக்குகளை அனுப்பவேண்டிய அந்தச் சனிக்கிழமை லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று வைத்திருந்த என் தனி பிரஷ் கைக்கு அகப்படவில்லை. பக்கத்து மேஜையில் டிராக்டர் பாகம் தேய்த்த பிரஷ் கிடந்தது. அதை எடுத்துக் கடைசி இணைப்பில் நாலு இழுப்பு இழுத்துவிட்டேன். நீ வந்தாய்.

"தனி பிரஷ்தானே?"

"ஆமாடா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். கையெழுத்துப் போட்டாய். நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு ரேக்கையும் கழுவி, பிளாஸ்டிக் சுற்றி லாரியில் ஏற்றியிருந்தார்கள்.

இன்று என் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மாக்கா டப்பாவைப் பார்த்ததும் சொன்னார்: "அந்த ரேக்கு லாரி வந்த அன்னிக்கு நீ டீக்குப் போனப்போ அவரு இதைத்தான் பூசிக்கினு இருந்தாரு."

ஒட்டிய இரும்பை அந்தப் பேஸ்ட் அரித்து எடுத்துவிடும். அவசரமாகக் கேட்டேன்: "எந்த ரேக்குலக்கா?"

"ஏமோ சாமி, யாருக்குத் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு."

இன்னொரு ரேக்கில் வெல்டிங் கறை இருக்கிறதென்று நீ அன்று காலையிலேயே சொல்லியிருந்தாய். அதற்குத்தான் பூசினாயா? இல்லை, என் பொய் தெரிந்து, என்னைக் காட்டிக்கொடுக்காமல் நீயே சரிசெய்தாயா? தெரிந்திருந்தால் ஏன்டா ஒரு வார்த்தை திட்டவில்லை? திட்டுவதில் நீ கஞ்சன் இல்லையே. அதற்குப் பிறகும் தினம் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். உன் டப்பாவிலிருந்து களியைப் பிடுங்கித் தின்றேன். கேட்டிருக்கலாம். தெரியும் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

மதியம் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உடனே உலைக்காரர்களுக்குப் போன் போட்டார். ரேக்கில் நிற்கும் எரிபொருளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ரேக்கை வெளியே எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். என் வேலை நிற்குமா போகுமா என்பது அப்புறம்தான் தெரியும். போனை வைத்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "அவன் எப்படிய்யா கையெழுத்துப் போட்டான்?"

"என்னை நம்பினான் சார்" என்றேன்.

தெரிந்தே கையெழுத்துப் போட்டாய் என்று உன் பேர் கெட்டுவிடக் கூடாதே என்று அப்படிச் சொன்னேனா, இல்லை நிஜமாகவே நீ நம்பித்தான் போட்டாயா? எனக்குத் தெரியவில்லைடா. சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.