தம்பி நன்றாக இருக்கிறான்

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று யோசித்தேன், வேறு பெயர் கைக்கு வரவில்லை. உனக்கு வாந்தி நின்றுவிட்டதா? மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் எட்டியாவது பார்க்கிறாரா, இல்லை இப்போதும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாரா? இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். உன் அறைச் சுவரில் மட்டும் மழைத்தண்ணீர் கசிகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் குரல் உனக்கு அத்துப்படி, நான் வாயைத் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். தம்பியின் சோதனை முடிவு நல்லதாக இருந்தால் மட்டும் எழுது, இல்லாவிட்டால் எதுவுமே எழுதாதே என்று நீ சொன்னது மறக்கவில்லை. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உனக்கு மட்டும் தெரியாமலா போகும்? உட்கார்ந்து படி. பாதியில் நிறுத்தாதே.

தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் கையிலிருந்து ஒரு துளி தோல் எடுத்தார்கள் அல்லவா, அது எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. அதை வளர்க்க அம்மா கையெழுத்துப் போட்ட நாளில் நீ இங்கே இல்லை. எங்கள் பெரிய டாக்டர் ஆறுதலாக இருக்கட்டும் என்று, "உங்க பையனோட செல் இங்க உயிரோடதான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். அவர் ஏதோ ஒரு அர்த்தத்தில் சொன்னார், அம்மா அவளுக்கு வேண்டிய அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாள். தம்பியைப் புதைத்த பிறகும் அவன் செல்களுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் தீனித் தண்ணீர் மாற்றுவது என் வேலை. வேறு யாருக்காவது கொடுக்கட்டுமா என்று கேட்டார்கள், நான்தான் வேண்டாம் என்றேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்பாள், "தம்பி எப்படி இருக்கான்?" முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் "நல்லா இருக்கான்மா" என்று சொல்லப் பழகிவிட்டேன். புட்டியில் இடம் போதாமல் நெருக்கியடித்தால் பாதியை எடுத்து இன்னொரு புட்டியில் விடுவோம் என்று ஒருநாள் உளறிவிட்டேன். "அப்போ ரெண்டா இருக்கானா?" என்றாள். கடைசியில் ஒரு தம்ளரைத் தூக்கமுடியாமல் கிடந்தவன், அங்கே இடம் போதாமல் வளர்கிறான். செல்களை வைத்திருக்கும் சூட்டுப்பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றால், "கதவை மூடுக்கா, குளிருது" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கிற மாதிரி இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை, கதவை மட்டும் மூடிவிடுவேன்.

அவனுக்குள் அப்படி என்னதான் கெட்டுப்போனது என்று அம்மா ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், இது தெரிந்தால்தான் மீதி புரியும். நம் உடம்பில் உள்ள செல் ஆதியில் ஒரே ஆள் இல்லை. இருநூறு கோடி வருஷத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன உயிர் இன்னொரு சின்ன உயிரை உள்ளே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதைச் செரிக்கவில்லை. உள்ளே போனதும் சாகவில்லை, அங்கேயே தங்கி, வீட்டுக்கு வேண்டிய சக்தியையெல்லாம் செய்துகொடுக்கத் தொடங்கிவிட்டது. மரம், மீன், நீ, நான், எல்லாம் அந்த வீட்டின் வாரிசுகள். அன்று வீடாக இருந்த உயிரின் உறவுக்காரர்களைக் கடலடிச் சேற்றிலிருந்து எடுத்து எங்கள் பக்கத்து அறையில் வளர்க்கிறார்கள். அது ஒன்று இரண்டாவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதற்கு நீளநீளமாகக் கைகள் வேறு. அது மற்றதை விழுங்கியதா, கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்து உள்ளே இழுத்துக்கொண்டதா என்று அந்த அறையில் இன்னும் சண்டை ஓயவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடிவந்தவன் வீட்டுக்காரனாயிட்டான்னு சொல்லு" என்றாள். கிட்டத்தட்ட அதுதான். குடிவந்தவன் தன் சாமான் எல்லாவற்றையும், அதாவது தன் மரபணுக்களை, வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு சின்ன மூட்டையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டான். அந்த மூட்டை இன்றைக்கும் இருக்கிறது. அது அப்பா வழியில் வராது. அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும், மகன்களோடு நின்றுபோகும், மகள்கள் மேலே கொண்டுபோவார்கள். இதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

தம்பியின் குறை வீட்டில் இருந்ததா, மூட்டையில் இருந்ததா? எங்கள் சோதனையே இதைத் தெரிந்துகொள்ளத்தான். வீட்டில் என்றால், பெரும்பாலும் அப்பா அம்மா இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வரும், உன் பிள்ளையைப் பற்றி அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். தம்பியின் செல்லிலிருந்து குடியிருப்பவர்களை மட்டும் பிரித்து, யாரோ ஒரு ஆரோக்கியமான மனிதரின், பழைய குடியிருப்பவர்களைக் காலிசெய்த செல்லில் குடிவைத்தோம். பிறகு சர்க்கரையை மாற்ற வேண்டும். பழைய சர்க்கரையில் குடியிருப்பவர் சோம்பேறியாக இருந்தாலும் செல் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். புதுச் சர்க்கரையில் அவர் உழைத்தால்தான் உண்டு, செல் செத்தால் குறை மூட்டையில் என்று அர்த்தம்.

இங்கேதான் நான் ஒரு கூத்து செய்தேன். சர்க்கரையை மாற்றிய மறுநாள் பார்க்கிறேன், செல்கள் ஒட்டிய இடத்தை விட்டு உருண்டு மிதக்க ஆரம்பித்திருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய சர்க்கரையையே மறுபடி ஊற்றிவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் கனவில்கூடச் செய்யாத காரியம். பெரிய டாக்டருக்குத் தெரிந்ததும், "யாருக்கும்மா ஊட்டி விடறே?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சோதனையை என் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஆள் அவர். போன வாரம் சோதனை முடிந்ததும் என் மேஜைக்கு வந்து, கையுறையைக் கழற்றி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் யார் பக்கத்திலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மூட்டைதான், வாலு.

இனி நான் சொல்வதை நன்றாகக் கேள். அந்த மூட்டை ஒன்றல்ல, ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். நல்லதும் கெட்டதும் கலந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுவேறு பங்காகப் போகும். தம்பிக்குக் கெட்டது அதிகம் போய்விட்டது. எனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு, உன் பிள்ளைக்கு எவ்வளவு என்று பார்க்காமல் யாராலும் சொல்லமுடியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நான் என் இரத்தத்தைக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாளாக மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன், என் இடது கண்ணிமை சாயங்காலமானால் தானாக இறங்குகிறது. தூக்கம் போதவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தம்பிக்கும் முதலில் கண்ணிமைதான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க என்னால் ஆகாது.

உன் ஊர் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறதாம், பெரிய டாக்டர் அங்கே பேசிவிட்டார். முதலில் உன் இரத்தம். பிறகு தேவைப்பட்டால் பிள்ளையைச் சுற்றியுள்ள தண்ணீர். அதற்கு நேரம் இன்னும் கொஞ்ச வாரங்கள்தான். பார்த்துவிட்டு நீயும் மாப்பிள்ளையும் என்ன முடிவெடுத்தாலும் நான் உன் பக்கம். பார்க்காமல் இருப்பதற்கு மட்டும் நான் உன் பக்கம் இல்லை.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. நேற்று இந்தக் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் பேச ஆரம்பித்தாள். அவளுடைய சின்ன தம்பி, நாம் பிறக்கும் முன்பே போனாரே, அவருக்கும் கண்ணிமை இறங்கியதாம். அன்றைக்கு நான் குடிவந்தவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டதாம். இத்தனை நாளாக அவள் என்னிடம் மறைத்தாள், நான் அவளிடம் மறைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தம்பியை நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

உனக்கு எழுதச் சொல்லி அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "என்கிட்டேருந்துதான் போச்சுன்னு அவகிட்டச் சொல்லு. பூசி மெழுகாதே. பயந்துக்கிட்டே இருக்கறதுக்கு, என் மேல கோபமா இருக்கறது அவளுக்குச் சுலபம். எவ்வளவு வேணுமோ திட்டட்டும். திட்டிட்டு, போய் ரத்தம் குடுக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

போய்விட்டு வா, கண்ணு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. முடிந்ததும் எனக்கு எழுதாதே, போன் செய். உன் குரலை நான் கேட்க வேண்டும். உனக்குள் குடியிருக்கும் அத்தனை பேரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும்
அக்கா