கிரான்ட்லி ஏன் விலகிப்போனது

ஜனவரி 9, செவ்வாய்

காலையிலிருந்து கீழ்த்தளத்தில் பல் டாக்டர் யாரையோ குடைந்துகொண்டிருக்கிறார். மாடியில் டெல்பர்ட் என்னைக் குடைந்தார். ஏழாறு கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைமை அலுவலகம் என்பது ஆணையர் டெல்பர்ட் குரோகர், நான், அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர், அவ்வளவுதான்.

கெஸ்லர் கல்லூரி இந்தப் பருவத்தோடு விலகுகிறது. ஆறு கல்லூரி ஐந்தாகிறது. ஆறு கல்லூரிகள் இருந்தால்தான் எங்கள் கூடைப்பந்து சாம்பியனுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். ஏப்ரல் முதல் தேதிக்குள் ஆறாவது கிடைக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

"அப்படியே எழுபத்தஞ்சாவது வருஷத்துக்கு ஒரு வரலாற்றுப் புத்தகமும் எழுதிடு, கார்லா."

"இருக்கப்போறோமான்னே தெரியல. இதுல வரலாறா?"

"இல்லாமப் போயிட்டா வரலாறுதானே மிச்சம்!"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் மட்டும் கொஞ்ச நேரம் ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

ஜனவரி 12

முதல் அத்தியாயம் முடிந்தது. 1949இல் பனிப்புயலில் ரயில் நின்றுவிட, ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடையில் மாட்டிக்கொண்ட ஏழு பயிற்சியாளர்கள் பொழுதுபோகாமல் தொடங்கியதுதான் எங்கள் கூட்டமைப்பு. ஏழு கல்லூரிக்கு ஏழு ஆறு என்று பெயர் வைத்தார்கள். போய்ப் பார்த்தால் நான்கு ஆறு, இரண்டு ஓடை, ஒரு வாய்க்கால்.

ஜனவரி 17

1962க்கு வந்துவிட்டேன். அந்த மார்ச் மாதக் கூட்டக் குறிப்பில் மொத்தமே இரண்டு வரி: "கிரான்ட்லி கல்லூரி விலகியது. காபி வழங்கப்பட்டது."

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வெஸ்டர்பி கல்லூரி அரங்கில் கடைசி ஆட்டம். கிரான்ட்லி ஒரு புள்ளி முன்னால். கடிகாரத்தில் இரண்டு விநாடி பாக்கி. பந்து வெஸ்டர்பி கைக்கு வர, அந்தப் பையன் அதை இரண்டு தடவை தட்டி, திரும்பி, எறிந்து, கூடைக்குள் போட்டான். கூட்டம் களத்துக்குள் பாய, ஆட்டம் அதோடு முடிந்தது. சாம்பியன் பட்டம் வெஸ்டர்பிக்கு. 'நாலு விநாடி ஆச்சு, கடிகாரத்தை ஓட்டவே இல்லை' என்று கிரான்ட்லி கத்தியது. யாரும் கேட்கவில்லை. போய்விட்டார்கள்.

அந்தப் பையன் லைல் விங்கெல்மன். என் அப்பா.

வெஸ்டர்பிக்கு அதற்கு முன்னும் பின்னும் பட்டம் கிடையாது. நானும் அங்கேதான் படித்தேன், ஆடினேன். நான்கு வருடம் அரங்கில் தொங்கும் அந்த ஒற்றைப் பட்டக்கொடிக்குக் கீழேதான் பயிற்சி.

ஜனவரி 24

டெல்பர்ட்டுக்கு ஒரு யோசனை: ஆறாவதாகக் கிரான்ட்லியையே கூப்பிட்டால் என்ன? என்னை அனுப்பிவிட்டார். வழுக்கும் சாலையில் இரண்டு மணி நேரம்.

அங்கே விளையாட்டுத் துறைத் தலைவி மேவிஸ் டிராக்ஸ்லர். நல்ல மனுஷி. "எனக்கு சம்மதம்தான். ஆனா எங்க பழைய மாணவர்கள் இருக்காங்களே, வருஷா வருஷம் பிப்ரவரியில 'திருடுபோன ரெண்டு விநாடி விருந்து'ன்னு ஒண்ணு நடத்துறாங்க. எழுந்து நின்னு ரெண்டே விநாடி மௌனம். அப்புறம் சாப்பாடு."

"நிஜமாவா?"

"பாட்டுகூட இருக்கு. உங்க அப்பா பேர் வரும். நல்லவிதமா வராது."

வெஸ்டர்பியிலிருந்து யாராவது ஒருவர் வந்து, அன்று நடந்தது தப்புதான் என்று அவர்கள் முன்னால் சொன்னால் போதுமாம். மீதியை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

ஜனவரி 27

அப்பா வீட்டில் மதியச் சாப்பாடு. பீன்ஸும் கறியும் போட்ட சில்லியும் சினமன் ரோலும். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அறுபத்திரண்டு வருஷமா அழுவுறானுங்க! ரெண்டு விநாடியில போட்டேன்மா. மின்னல் மாதிரி. நம்பலைன்னா வெர்னாவைக் கேளு. கடிகார மேசையில உக்காந்திருந்தா. எங்க கல்லூரியில கணக்குப் படிச்ச பொண்ணு, பொய் சொல்லமாட்டா."

ஆட்டப் பதிவேட்டில் கடிகாரப் பொறுப்பாளர் என்று பேராசிரியர் ஸ்டாங் கையெழுத்துதானே இருக்கிறது? அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாரே என்றேன்.

"அவர் எங்க உக்காந்தாரு? பாதி ஆட்டம் வெளியே சுருட்டு பிடிச்சிட்டிருப்பாரு."

பிப்ரவரி 1

வெர்னா ஹெல்கசனைக் கண்டுபிடித்தேன். எண்பத்திரண்டு வயது. முதியோர் குடியிருப்பில் மூன்று பேரைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்துக்கொண்டிருந்தாள்.

"கடிகாரமா? அது ஓடவே இல்லையே," என்றாள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஸ்டாங் வெளியே போனாரு. 'கடிகாரத்தை ஓட்டுற பொத்தானைப் பாத்துக்கோ'ன்னாரு. நம்ம பையன் கைக்குப் பந்து வந்ததும் எழுந்து கை தட்டிட்டேன். கை தட்ட ரெண்டு கை வேணுமே, பொண்ணு. பொத்தானை யாரு அமுக்குவா?"

"ஏன் சொல்லவே இல்ல?"

"அந்தாளு கெஞ்சினாரு, 'நான் வெளியே போனதைச் சொல்லிடாதே'ன்னு. அவர் செத்ததுக்கப்புறம் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் வந்து கேக்கலையே! நீதான் முதல் ஆள்."

காரில் வந்து உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் நினைக்கிறேன். அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? அவரே அனுப்பிவெச்ச சாட்சி!

பிப்ரவரி 3

சொல்லிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு — "அப்போ அவ்வளவு அவசரப்பட்டிருக்கவே வேண்டாமா? எனக்கு நேரம் இருந்துதா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிப்ரவரி 7

போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 11

இன்றும் எடுக்கவில்லை. வாசலில் பனியை வாரிவிட்டு வந்தேன். ஜன்னல் திரை அசைந்தது. இருக்கிறார், கோபமாக இருக்கிறார், அதாவது நன்றாக இருக்கிறார்.

டெல்பர்ட் சொல்கிறார், அப்பா மனசு நோகுமென்றால் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மேலோட்டமாக எழுதிவிட்டுப் போகலாமாம். அவரைப் போல இளகிய மனசு யாருக்கும் இல்லை. ஆனால் வரலாறு என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே மழுப்பவா? முடியாது என்றேன். வெர்னா மட்டும் வந்தால் போதும், விருந்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும், ஒன்றும் விட்டுவிடக் கூடாது.

காலை ஒன்பதுக்கு வெர்னாவை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது போன். அப்பா. "எத்தனை மணிக்குக் கிளம்புற? முன்சீட்டு எனக்கு." போனால் வாசலில் தயாராக நிற்கிறார்: கோட்டு, டை, முகச்சவரம். வழியெல்லாம் வெர்னாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் அவள் பின்னாலிருந்து சொன்னாள், "லைல், அது நல்ல எறிதான்பா. அதான் கை தட்டினேன்." அப்பாவின் காது சிவந்தது, பார்த்தேன்.

கிரான்ட்லி சாப்பாட்டுக் கூடத்தில் நூறு பேர் இருப்பார்கள். அன்றைக்கு ஆடியவர்களில் மிச்சம் மூன்று பேர். அதில் பக்கி ஷ்ரோடர்தான் அன்று அப்பாவைத் தடுக்க நின்றவர். எண்பத்து நான்கு, கைத்தடி, இடி மாதிரிக் குரல்.

வெர்னா எழுந்து நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு விநாடி இல்லை, நிஜமாகவே ரொம்ப நேரம். அப்பா தானாக எழுந்தார். யாரும் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனான்னா — இருபத்தொரு வயசு. சொல்லியிருக்க மாட்டேன். இப்ப சொல்றேன். அந்த ஆட்டம் உங்களோடது."

அப்பா வாயிலிருந்து இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

பக்கி தடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "டேய் லைல்! வருஷத்துக்கு ஒரு நாள் வீட்டுக்காரி திட்டாம வெளிய வந்து சாப்பிட எங்களுக்கு இருந்தது இந்த ஒரு சாக்குதான். அதையும் கெடுத்துட்டியே, பாவி!"

கூடமே வெடித்துச் சிரித்தது. பட்டக்கொடியைக் கழற்றித் தரச் சொல்வார்களோ என்று நான் பயந்தது உண்மை. பக்கியிடமே கேட்டேன். "அதை வெச்சு நாங்க என்னம்மா பண்றது, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கும். புத்தகத்துல சரியா எழுது, போதும்."

திரும்பி வரும்போது அப்பாவும் வெர்னாவும் பின்சீட்டில் ஸ்டாங்கைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். முன்சீட்டில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட ஓர் இனிப்புப் பலகாரம், மேவிஸ் கொடுத்தது.

மார்ச் 19

கிரான்ட்லி நிர்வாகக் குழு வாக்கெடுப்பு: பதினொன்றுக்கு இரண்டு. வருகிறார்கள்! டெல்பர்ட் கூவியது கீழே கேட்டு, பல் டாக்டர் ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

மார்ச் 22

1962ஆம் வருடப் பக்கத்தை எழுதி முடித்தேன். யார் என்ன சொன்னார்கள், எது நடந்தது, அப்படியே. முதல் பிரதியை அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். ஒரே ஒரு திருத்தம்: எறிந்த தூரம் பதினைந்து அடி இல்லையாம், பதினெட்டாம். அளந்து பார்த்திருக்கிறாராம்.

டிசம்பர் 7, சனி

பிற்பகல் ஆட்டம், கிரான்ட்லி அரங்கில். அறுபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வெஸ்டர்பி அங்கே ஆடுகிறது. வெளியே கார் நிறுத்த இடமில்லை. அப்பாவும் பக்கியும் ஒரே பெஞ்சில். முதல் பாதி முழுக்க நடுவரைத் திட்டினார்கள், இரண்டு பேரும் ஒரே தீர்ப்புக்கு, எதிரெதிர்க் காரணம் சொல்லி.

கிரான்ட்லி முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. கடைசிப் பத்து நிமிடம் அரங்கில் ஒருத்தர்கூடக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.