செல்வம் அண்ணன் கழற்றாத சென்சார்

என் அன்பான செல்வம் அண்ணே,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. அன்றே சொல்லியிருக்க வேண்டியதை, எல்லோருக்கும் கேட்கும்படி இப்போதுதான் சொல்கிறேன்.

ஷா ஆலம் தொழிற்சாலையில் நான் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். நீங்கள் பிளாஸ்டிக் கலக்கும் இயந்திரத்தில் பதினாறு வருடம். மூடியைத் திறந்தால் அது தானாக நிற்க வேண்டும். நிறுத்தும் சென்சார் கெட்டுப்போனதும், ஆர்டர் தாமதமாகக் கூடாதென்று மேனேஜர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும். லீவில் காப்பார் ஊரில், உங்கள் வீட்டில் இருந்த உங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்த முதல் காலையிலேயே, மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டீர்கள்.

விசாரணைக்கு வந்த அரசு அதிகாரியிடம், வேலை சீக்கிரம் முடியட்டுமென்று நீங்களே அதைக் கழற்றியதாகச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை அண்ணே. தொழிற்சாலையை மூடிவிட்டால் அத்தனை பேரின் வேலை என்னாகும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். மறுநாள் மேனேஜர், “நல்ல வேள மாலதி, நீங்க கம்பெனிய காப்பாத்திட்டீங்க லா” என்றார். சொல்லவே கூசுகிறது, அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பயிற்சி வகுப்பு. பேராசிரியை ஒருவர் பேசினார். முன்பெல்லாம் தன் லாபத்துக்காகத் தப்பு செய்யும் ஊழியர்களைத்தான் அதிகம் ஆராய்ந்தார்களாம். இப்போது கம்பெனியின் நன்மைக்காகப் பொய் சொல்கிறவர்களையும் ஆராய்கிறார்களாம். விசுவாசம் கூடக் கூட அந்தப் பொய் எளிதாகிவிடலாம், பிறகு அது சொன்னவரை என்ன செய்கிறது என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம் என்றார். சுற்றிலும் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காப்பாருக்குப் போனேன். அண்ணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவசரப்பட்டு செத்தாரே உங்கப்பான்னு பிள்ளைங்ககிட்ட எத்தன தடவ திட்டியிருக்கேன் தெரியுமா?” என்றார். “நீ எங்க வீட்டுல சோறு சாப்பிட்டவ மாலதி.”

மன்னிப்பதாகச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அதே அதிகாரியிடம் போய் வாக்குமூலத்தை மாற்றினேன். என்மீதும் வழக்கு வரலாம் என்றார். வேலை போய்விட்டது. உடன் வேலை செய்தவர்கள் போனை எடுப்பதில்லை. ஒருத்தி மட்டும் எடுத்து, “எங்க பொழப்புல ஏன் கைய வெக்கிற?” என்று கேட்டாள். அத்தனை பேரைக் காப்பாற்ற நினைத்தபோது, அதில் நீங்களும் ஒருவர் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அடுத்த மாதம் கம்பெனி மீதான வழக்கு விசாரணை. மேனேஜர் மறுப்பார். நான் சொல்வேன் அண்ணே. உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில், உங்கள் பெயரை முழுதாகச் சொல்லி, அவர் சென்சாரைக் கழற்றவில்லை, எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை என்பேன்.

நீங்கள் தங்கச்சி என்று கூப்பிட்ட,
மாலதி