பிளேன் கொட்டாயில் முதல் கல்யாணம்

9.8.2006
மேல்பட்டாம்பாக்கம் தாண்டி பிளேன் கம்பெனிக்குப் போய்வந்தேன். பழைய இரும்பு ஏலம் நம் பேருக்கு விழுந்துவிட்டது. லேத், பிரஸ், துருப்பிடித்த ரேக்குகள் எல்லாம் பத்து நாளில் வெளியேற வேண்டும். கரும்புக்கு மருந்தடிக்கும் சின்ன விமானங்கள் செய்த கம்பெனி. மொத்தம் பதினாலு செய்து, எழுபத்தேழில் கதவைச் சாத்தினார்கள். இப்போது இடம் முழுக்கப் பேரூராட்சி கைக்கு வந்திருக்கிறது. உருப்படியாக மிச்சம் இருப்பது இரண்டுதான். விமானம் ஓடி ஏறிய சிமெண்டுத் தளம் ஒன்று, அதில் மூன்று ஊர் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் காய்கிறது. இன்னொன்று விமானங்களைப் பூட்டிய பெரிய கொட்டகை. ஊர் வாயில் அது பிளேன் கொட்டாய்.

சாவி லூர்துசாமி அண்ணனிடம் இருக்கிறது. அங்கே விமானத் தகட்டுக்கு ரிவிட் அடித்தவர். மூடிய நாளிலிருந்து காவல். எனக்குப் பதினெட்டு வயதில், பின்வாசலில் ஒரு கூடை அலுமினியச் சுருளை எடுத்துக் கொடுத்து, "இத பாண்டிக்குக் கொண்டும் போயி வித்துப் பாரு" என்றவர் அவர்தான். என் வியாபாரம் அந்தக் கூடையில் ஆரம்பித்தது.

"இரும்ப அள்ளிக்க ராஜவேலு. கொட்டாய மட்டும் பிரிச்சுப்புடாதீங்க" என்றார் இன்று.

பிரிப்பதா? அண்ணாந்து பார்த்தேன். நடுவில் ஒரு தூண் கிடையாது. ஆயிரத்தைந்நூறு பேர் தாராளமாக உட்காரலாம். கடலூர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கல்யாண மண்டபம் உண்டா?

3.9.2006
இடத்தை என்ன செய்யலாம் என்று பேரூராட்சியில் கூட்டம். தலைவர் புஷ்பவள்ளி வாரச்சந்தை வேண்டும், பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க இடம் வேண்டும் என்றது. இளவட்டங்களுக்கு விளையாட மைதானம். நான் மண்டபம் என்றேன். செலவு என்னுடையது, பத்து வருஷக் குத்தகை, ஊருக்கு வருஷா வருஷம் வாடகை. படம் போட்டு எடுத்துப் போயிருந்தது நான் ஒருவன்தான். மற்றவர்கள் வாயால் சொன்னார்கள், நான் காகிதத்தை விரித்தேன். காகிதம் ஜெயித்தது.

விவசாயி கொளஞ்சியப்பன் மட்டும் எழுந்தான். "தை மாசம் கல்யாணமும் ஜாஸ்தி, நெல்லும் ஜாஸ்தி. ஒன் மண்டபத்துக்கு வர்ற காரெல்லாம் எங்க நிக்கும் மாமா, என் நெல்லு மேலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தளத்தில் பாதி நெல்லுக்கு, பாதி காருக்கு என்று முடிந்தது. இரும்புக்காரன் நான். தை மாதத்தை யோசிக்கவே இல்லை.

20.3.2007
தரை முடிந்தது. இனி மேடை, சமையல்கட்டு. லூர்து அண்ணன் கொட்டாய் நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டிக் காட்டினார். நாலு தரம் திரும்பி வந்தது.

"ரிவிட் அடிக்கறப்போ நாங்க காதுல பஞ்சி வச்சிக்குவோம். மேளம் அடிச்சா என்னா ஆவும்னு பாத்துக்க."

ஆளும் பட்டுப்புடவையும் நிறைந்தால் சத்தம் அடங்கிவிடும் என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? தகரத்தை எடை போடத் தெரியும். அது எப்படிப் பேசும் என்று தெரியாது.

14.9.2007
வெண்மதிக்கு முடிவாகிவிட்டது. எங்களுக்கு ஒரே பிள்ளை அவள். மாப்பிள்ளை சிதம்பரம் கீழவீதிப் பாத்திரக்கடை சடையப்பன் மகன் திருநாவுக்கரசு. தங்கமான பையன். சம்மந்தியம்மா சிவகாமுதான் சகுனத்துக்குக் கொஞ்சம் அதிகம். பெண் பார்க்கப் புறப்பட்ட அன்று எதிரே காலிக்குடம் வந்ததென்று புவனகிரியிலிருந்து காரைத் திருப்பிக்கொண்டு, மறுநாள்தான் வந்தார்கள்.

கொட்டாயில் முதல் கல்யாணம் என் மகளுடையதாக இருக்கட்டும் என்று சொன்னேன். சொந்தப் பெண்ணுக்கே அங்கே செய்தான் என்றால் ஊர் நம்பும்.

வீட்டுக்காரி ராமாமிர்தம் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இது பொண்ணு கல்யாணமா, கடை தொறப்பு விழாவா?"

இரண்டும்தான். அதில் என்ன தப்பு?

11.2.2008
பெண்ணும் மாப்பிள்ளையும் சிதம்பரம் புறப்பட்டாகிவிட்டது. ஆட்கள் நாற்காலி மடக்குகிறார்கள். ஒவ்வொரு நாற்காலியும் நாலு முறை மடங்குகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தாலி கட்டும் நேரத்தில் மேடையில் நிற்க வேண்டியவன் வாசலில் நின்றேன். நெல்லிக்குப்பத்திலிருந்து இரண்டு பெரிய குடும்பம் வந்திறங்கியது, இரண்டிலும் கல்யாண வயதில் பிள்ளைகள். கூட்டிவந்து கொட்டாயைச் சுற்றிக் காட்டும் ஆசை. பக்கத்தில் லூர்து அண்ணன். வெளியே தளத்தில் கொளஞ்சியப்பன் ஆட்கள் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று எங்கள் பக்கம்.

கெட்டி மேளம் எதற்கு? அந்த நேரத்தில் ஒரு தும்மலோ கெட்ட சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதானே. தவில்காரர் அடித்த அடி எதிர்க்கோடிக்குப் போய் அரைத்தாளம் தள்ளித் திரும்பி வந்தது. பாவம், எது தன்னுடையது என்று தெரியாமல் திகைத்துக் கையை எடுத்துவிட்டார். அந்த ஒரு நொடியில் ஒரு தும்மல். கொட்டாய் அதை வாங்கி நாலு தரம் திருப்பிச் சொன்னது.

ஆயிரம் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. என் கை மூக்குக்குப் போவதற்குள் லூர்து அண்ணன் கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சிவகாமு அம்மா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

தும்மியது நான்தான். நெல் சுணை மூக்கில் ஏறிவிட்டது.

தாலி ஏறிவிட்டது. எல்லோரும் சாப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

5.6.2008
மாப்பிள்ளை வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. பார்க்கப் போனோம். சிவகாமு அம்மா காபியை வைத்துவிட்டு ஆரம்பித்தது.

"தாலி ஏர்ற நேரத்துல தும்மினானே அந்த வாட்ச்மேன், அவன் வாயில புத்து வைக்க. நல்ல காரியத்துல அவன யாரு கொண்டாந்து நிறுத்துனது?"

வெண்மதி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

17.8.2008
ஆவணி முகூர்த்தத்துக்கு நாலு பார்ட்டி வந்து பார்த்தார்கள். நாலு பேரும் இடம் பிரமாதம் என்றார்கள். நாலு பேரும் வாசலில் அண்ணனைப் பார்த்ததும் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். கதை பண்ருட்டிவரை போயிருக்கிறது.

வியாபாரத்தில் வாசல் முக்கியம். அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: "பார்ட்டி வர்ற நேரத்துல பின்னாடி ஷெட்டுல இருந்துக்குங்கண்ணே. ஆறு மாசம். ஜனங்க மறந்துடும்."

அவர் என்னையே பார்த்தார். "அப்புடியா" என்றார். அவ்வளவுதான்.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். நான் தும்மினேன், அவரைப் பின்னாடி போகச் சொன்னேன். என்ன மனுஷன்டா நீ?

18.8.2008
சாவிக்கொத்தைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

2.3.2009
இந்தத் தையிலும் ஒரு கல்யாணம் இல்லை. ஒரு பூப்பு நீராட்டு விழா நடந்தது. அவர்களும் மைக்கை அணைத்துவிட்டுத்தான் பேசினார்கள். காருக்கென்று ஒதுக்கிய பாதியிலும் கொளஞ்சியப்பன் நெல்லைப் பரப்பிவிட்டான். கேட்டதற்கு, "காரு வந்தா சொல்லு மாமா, அள்ளிக்கிறேன்" என்றான்.

21.6.2009
வெண்மதிக்கு மூன்று மாதம். ராமாமிர்தம் ஊரெல்லாம் போன் போடுகிறாள். சிவகாமு அம்மா இப்போது படி இறங்கவும் சகுனம் பார்க்கிறதாம்.

புஷ்பவள்ளி வந்தது. மண்டபத்தை விட்டுக் கொடுங்கள், சந்தையும் தையல்கூடமும் கொண்டுவரலாம் என்றது. சரி என்றேன். நஷ்டமான சரக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் வியாபாரி இல்லை.

5.7.2009
சந்தைக் கடைகள் ஒதுக்கும் கூட்டம். நானும் ஒரு கடை கேட்டிருந்தேன். முதல் வரிசையில் ஒன்று கேட்டு லூர்துசாமி அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தார். மருந்தடிக்கும் கைத்தெளிப்பான், பம்பு, ஸ்டவ் எல்லாம் ரிப்பேர் செய்ய. மளிகைக்காரர் சிங்காரம் எழுந்து, "அவரு மொத வரிசையில ஒக்காந்தா எங்களுக்குப் போணி ஆவுமா? பின்னாடி கழிவறை பக்கம் ஒரு எடம் குடுங்க" என்றார். பலபேர் தலையாட்டினார்கள். அண்ணன் கடைசி பெஞ்சில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

போணி எனக்குத் தெரியாததா? முப்பத்தேழு வருஷமாகக் காலையில் முதல் ஆள் முகம் பார்த்துக் கடை திறக்கிறவன். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெண்மதி நினைப்பு வந்தது. மூன்று மாதம். உண்மையைச் சொன்னால் விஷயம் சாயங்காலத்துக்குள் சிதம்பரம் போய்விடும். வளைகாப்புக்கு அனுப்புவார்களா? வாய் திறந்தால் கெடுதல் என் பெண்ணுக்கு. மூடினால் அவருக்கு. இதுவரை மூடியே இருந்தேனே, எனக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் உறைத்தது.

எழுந்து சொன்னேன். "அன்னிக்கித் தும்மினது அவரு இல்ல. நான்."

பிறகு கொளஞ்சியப்பன்தான்: "ஒன்ற வருசமா அந்த மூக்க எப்புடி மாமா பொத்தி வச்சிருந்த?"

ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். சிங்காரம் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப மொதலாளிக்கும் பின்னாடிதான் கடையா?" என்றார். நியாயமான கேள்வி. ஆமாம் என்றேன். முதல் வரிசை அண்ணனுக்குப் போனது. வெளியே தேடினேன், அவர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

அங்கிருந்தே சிதம்பரம் பஸ் ஏறினேன். என் வாயால் தெரியட்டும்.

6.7.2009
நேற்று நடந்தது. சடையப்பன் கேட்டுவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டார். சிவகாமு அம்மா கத்தும் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்த மனுசன வாய்க்கு வந்தபடி பேசுனேன். நீங்க எதிர்லதான ஒக்காந்து காபி குடிச்சீங்க சம்மந்தி?"

"ஆமாங்க."

"என்னப் பாவி ஆக்கிட்டீங்களே."

இந்தத் தடவை காபி வரவில்லை.

வெண்மதி தெருமுனைவரை வந்தாள். அவளிடம் எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவளே சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. மேடையிலயே. நீங்க தும்முறது எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பஸ்ஸில் கடலூர் வரும்வரை அந்த ஒரு வரிதான்.

9.7.2009
லூர்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆரோக்கியம்மாள் நாற்காலி போட்டது. ஆனால் உட்காரு என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஏன் மூக்கைத் துடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"பொண்ணு மேடையில இருந்துச்சு. எனக்கு யோசிக்க நேரமில்ல" என்றார். பிறகு, "ஒனக்குத்தான் நெறைய நேரம் இருந்துச்சு" என்றார்.

நின்றபடியே திரும்பி வந்தேன்.

11.10.2009
வளைகாப்பு முடிந்து வெண்மதி வீட்டுக்கு வந்துவிட்டாள். சிவகாமு அம்மாவே கொண்டுவந்து விட்டது. என்னிடம் நேராகப் பேசவில்லை, ராமாமிர்தத்திடம் பேசியது.

4.2.2010
வாரச்சந்தை தொடங்கியது. சிமெண்டுத் தளத்தில் பாதி சந்தை, பாதி நெல். கொட்டாயைக் குறுக்கே தடுத்துத் தாழ்வாகக் கூரை போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் தையல் மிஷின்கள், ஒரு பக்கம் பந்து விளையாட்டு. இப்போது எதிரொலி இல்லை. தடுப்புத் தகடு நான்தான் சப்ளை. வியாபாரி வேறு என்ன செய்வான்? என் கடை கடைசி வரிசையில். அண்ணன் கடையில் எப்போதும் நாலு பேர் தெளிப்பானோடு நிற்கிறார்கள். வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்கிறார். அவ்வளவுதான்.

2.1.2012
தானே புயல். கொட்டாய்த் தகடு அறுபது போய்விட்டது. இரும்புச் சட்டம் அசையவில்லை. ஊரே வந்து பொறுக்கி எடுத்தோம். ஏணியின் மேலே அண்ணன், கீழே நான். "இந்தப் பக்கம்", "இன்னும் தள்ளி" இரண்டு வார்த்தைதான் நாளெல்லாம்.

12.8.2012
பேரனுக்குக் காது குத்த ஸ்ரீமுஷ்ணத்தில் நாள் வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும். வெண்மதிக்கு அண்ணன் தம்பி இல்லை. பங்காளி வீட்டுப் பையன் யாரையாவது கேட்கலாம் என்றேன். "கேட்டாச்சுப்பா" என்றாள். யாரை என்றால், சிவகாமு அம்மா போன வியாழக்கிழமை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சந்தைக்கே போய் லூர்துசாமி அண்ணனைக் கேட்டுவிட்டு வந்ததாம். அவர் வயதென்ன, முறையென்ன? சம்மந்தியம்மாவிடம் அதைக் கேட்க நான் யார்?

30.8.2012
ஸ்ரீமுஷ்ணம். இன்று வியாழன், சந்தை நாள். அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுப் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். கோயிலுக்கு வெளியே மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பத்தர் குத்தியதும் பயல் அலறிய அலறலில் புறாக்கள் எல்லாம் எழுந்து போயின. அண்ணன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது அழுது அப்படியே தூங்கிப்போனான்.

எல்லோரும் சாப்பிட எழுந்துவிட்டார்கள். இலை போட்டாச்சு, பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்திருங்கண்ணே என்றேன். விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

நானும் போகாமல் நின்றேன். சற்று நேரம் பார்த்தார். பிறகு, பிள்ளை அசையாமல், மெல்ல நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். உட்கார்ந்தேன்.