கதவிடுக்கில் ஒரு செருப்பு

அக்கா,

குளிர் அறைக்கு வெளியே ஆணியில் தொங்கும் உங்கள் நீலக் கோட்டைத் துவைக்கலாம் என்று நேற்றுதான் எடுத்தேன். நீங்கள் போனபிறகு அதை யாரும் தொடவில்லை. தொட்டால் நான் கத்துவேன் என்ற பயம். பைக்குள் கையை விட்டால் ஒரு ரப்பர் செருப்பு. இடது கால். நடுவில் கதவு அழுத்திய தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. ரப்பர் வாசனையும் பால்பவுடர் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோட்டை இன்னும் துவைக்கவில்லை.

அடுத்த வாரம் மதுரையில் ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்கள் கூட்டம். நம் நாட்டு ஐஸ்கிரீம் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் என்னென்ன பலம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து எழுதிவிட்டேன். வற்றாத பால், எருமைப்பாலின் கெட்டித்தனம். ராஜபாளையத்து மாம்பழமும் கருப்பட்டியும் மாதிரி வேறெங்கும் கிடைக்காத ருசிகள். சிவகாசியில் அச்சடிக்கும் அட்டைப்பெட்டி. கூப்பிடு தூரத்தில் தூத்துக்குடித் துறைமுகம். வேலை தெரிந்த பெண்களின் கை. எல்லாம் உண்மைதான், எவர் மேடையேறினாலும் சொல்வதுதான். ஆறாவது பலத்தில் பேனா நின்றுவிட்டது. அது உங்களைப் பற்றியது, என்னைப் பற்றியதும்கூட.

தாயில்பட்டியிலிருந்து தூக்குவாளியோடு நீங்கள் நம் ஐஸ்கிரீம் கம்பெனிக்கு வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்து வருடம் பட்டாசு ஆலையில், நம் ஊர்ப் பேச்சில் பட்டாசு ஆபீஸில், வெடிமருந்து அடைத்த கை. நான் தராசு வைத்து நிரப்பும் கப்பை நீங்கள் கண்ணளவில் நிரப்பினீர்கள். எடை போட்டால் மயிரிழை பிசகவில்லை. குளிர் அறை வாசலில் நின்று எதையோ தேடினீர்கள். மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கத் தொட்டுவிட்டுப் போக அங்கே செம்புத் தகடு இருக்குமே, அதைத்தான். இல்லையென்றதும் இரும்பு நிலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். வெளியே வந்து, "அங்கன வேர்த்து ஊத்துச்சு, இங்கன வெறைக்குது. மனுசிக்கு நடுவுல ஒரு எடம் கெடையாதா?" என்று நீங்களும் சிரித்தீர்கள்.

ஆனால் அந்தக் கதவு விஷயத்தில் நமக்குள் தினமும் சண்டை. பட்டாசு அறையில் ஆள் இருக்கும்போது எந்தக் கதவையும் சாத்தக்கூடாது. குளிர் அறையில் ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்கக்கூடாது. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற குமிழை எத்தனை முறை காட்டியிருப்பேன்! தலையை ஆட்டுவீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் இடது கால் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு உள்ளே போவீர்கள். "இது என்ன பட்டாசு ஆபீஸா?" என்று நான் குதிக்காத நாள் இல்லை. ஏன் என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. படித்த திமிர், வேறென்ன.

அந்தச் சித்திரை மதியம். நம் கம்பெனியின் முதல் ஏற்றுமதி லோடு, வளைகுடாவுக்குப் போக வேண்டிய கருப்பட்டி ஐஸ்கிரீம், பெட்டி பெட்டியாக உள்ளே இருந்தது. மறுநாள் காலையில் கன்டெய்னர் வர வேண்டும். நீங்கள் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தபோது வெம்பக்கோட்டைப் பக்கம் பெரிய சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். உங்கள் தம்பி அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆபீஸில்தான் வேலை செய்தார். ஒற்றைக் காலில் செருப்போடு, கொதிக்கிற தார் ரோட்டில் நின்று போனைப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். தம்பிக்கு ஒன்றுமில்லை என்று தெரிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை கதவிடுக்கில் உங்கள் இடது செருப்பு இருந்தது.

திரும்பி வந்து கதவைச் சாத்தினீர்கள். சாயங்காலத்துக்குள் உள்ளே பழையபடி குளிர் ஏறிவிட்டது. பெட்டிகளைப் பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. மணிக்கு ஒருமுறை அறையின் குளிரைக் குறிக்கும் நோட்டில் மட்டும், மைனஸ் இருபதுக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் 'மைனஸ் எட்டு, கதவு திறந்திருந்தது, நான்தான்' என்று எழுதியிருந்தீர்கள்.

சரக்குக்குப் பொறுப்பு நான். இரண்டு வருடம் அலைந்து பிடித்த ஆர்டர். நான் சொன்னதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

"இந்தப் பக்கத்த எடுத்துட்டு வேற எழுதிருங்கக்கா. யாருக்கும் தெரியப்போறதில்ல."

நீங்கள் கோபப்படவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள்.

"பட்டாசு ஆபீஸு வெடிச்சு என் தங்கச்சி செத்த அன்னைக்கு, அவ ரூமுல பின்கதவ மறைச்சுப் பெட்டி அடுக்கியிருந்தாக. ஆபீஸ் நோட்டுல நாலு கதவும் தெறந்திருந்துச்சுன்னு எழுதியிருந்துச்சு. நல்ல முத்து முத்தான கையெழுத்து. எழுதுனவளும் என்னைய மாதிரி ஒருத்திதான். நான் எழுத மாட்டேன் தாயி. நீங்க வேணா எழுதிக்கோங்க."

பேனாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தெரிந்த பிறகும் நான் அந்தப் பேனாவை எடுத்தேன், அக்கா. மூடியைக் கழற்றினேன். ஒரு வரி எழுதவும் செய்தேன், 'மைனஸ்' என்கிற வார்த்தை வரைக்கும். அதற்குமேல் கை ஓடவில்லை. எழுந்து போய் ஒரு பெட்டியைப் பிரித்து வாயில் போட்டேன். உருகி மறுபடி உறைந்ததில் ஐஸ் துகள் சேர்ந்து, நாக்கில் மணலாக நறநறத்தது. நான் கிறுக்கியதை அடித்துவிட்டு முதலாளிக்குப் போன் செய்தேன்.

லோடு போகவில்லை. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. முதலாளி ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் நாம் ஒரு வழக்கம் வைத்தோம்: ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே கதவருகில் நிற்க வேண்டும், கதவு சாத்தியே இருக்க வேண்டும். உங்களுக்கு நான் நின்றேன். அடிக்கடி உள்ளேயிருந்து கதவைத் தட்டுவீர்கள். நான் பதிலுக்குத் தட்ட வேண்டும். ஒருநாள் தட்டத் தாமதித்ததற்கு, "ஏத்தா, தூங்கிட்டீகளா?" என்று வெளியே வந்து திட்டியதும் நீங்கள்தான். புதுச் செருப்பு வாங்கிய பிறகும் அந்தப் பழைய இடது செருப்பு உங்கள் கோட்டுப் பையிலேயே இருந்தது. இனி எதற்கு என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பீர்கள்.

மறு வருடம் வேறொரு நாட்டிலிருந்து, ஆர்டர் கொடுக்குமுன் நம் கம்பெனியைச் சோதிக்க வந்தவர் அந்த நோட்டைப் புரட்டினார். ஒரே மாதிரியான பக்கங்களை விறுவிறுவென்று தள்ளியவர், அந்த மைனஸ் எட்டில் நின்றார். அடித்தல் திருத்தலோடு இருந்த பக்கம் அது ஒன்றுதான். அந்த லோடு என்ன ஆயிற்று என்று கேட்டார். அனுப்பவில்லை என்றேன். அந்தப் பக்கத்தை நம்பியவர் மற்ற பக்கங்களைப் பற்றி வேறு கேள்வி கேட்கவில்லை. இன்று நம் பெட்டிகள் கப்பலேறுவது அவர் கொடுத்த ஆர்டரிலிருந்து தொடங்கியதுதான்.

அன்று அவர் எதிரில் முதலாளி என் தோளில் தட்டி, "லோடை நிறுத்தியது எங்கள் மேடம்தான்" என்றார். நீங்கள் பக்கத்தில் காலி டப்பா அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் பதவி வந்தது, இந்த மேடையும் அந்தப் பெயரால் வந்ததுதான். ஒருநாளும் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. போன ஆடியில் காய்ச்சலென்று படுத்த உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அந்த நல்ல பெயர் உங்களுடையது என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். "வெளிய யாரு நிக்கிறா?" என்று குளிர் அறையைப் பற்றியே கேட்டீர்கள். புதிதாக வந்த பெண்ணின் பெயரைச் சொன்னேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். உங்களை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அதுதான்.

இன்று காலை ஆறாவதை எழுதி முடித்தேன். உங்கள் பெயர், ஊர், மைனஸ் எட்டு, நீங்கள் எழுத மறுத்தது. அதற்குக் கீழே, மாற்றி எழுதச் சொன்னது நான், பேனாவை எடுத்ததும் நான். முதல் வரிசையில் முதலாளி உட்கார்ந்திருப்பார். மேடையில் நின்று அந்த இடம் வரும்போது தாண்டிப் போய்விடுவேனோ என்று என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

அதனால் உங்கள் செருப்பைக் கைப்பையில் எடுத்து வைத்திருக்கிறேன். எதுக்கும் இருக்கட்டும்.