குழந்தை உண்டா?

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
3-6-2025

அன்புள்ள செல்விக்கு,

நலமா? அத்தானும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா?

போனில் செய்தி அனுப்பாதே. கடையில் எல்லோரும் போனை மேசைமேல் வைத்துவிட வேண்டும். "ஆர்யா பால் குடித்தாளா?" என்று திரையில் வந்தால் என் வேலை போயிற்று.

ஆரியசாலை மசாலா மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லித்தான் சேர்ந்தேன். தாலியும் மெட்டியும் பீரோவில். உமாசங்கருக்கு வேலை போன பிறகு வேறு வழி தெரியவில்லை.

திரவியம் முதலாளி சொல்கிறார்: "ஆறு மாசம் சம்பளத்தோட லீவு குடுக்கச் சட்டமாம். நான் கடை நடத்துகனா, பிரசவாஸ்பத்திரி நடத்துகனா மக்ளே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மதியமானால் பால் கட்டி உடுப்பு நனைகிறது. மிளகாய் நெடியில் தும்முகிறவள்போல எழுந்து ஓடுகிறேன். பயமாக இருக்கிறதடி.

உன் ஸ்ரீ

நாகர்கோவில்
9-6-2025

அடி பைத்தியமே,

அந்தச் சட்டம் வந்த அன்று காலேஜில் மிட்டாய் கொடுத்தது நாம்தானே!

இவருக்கும் கட்டட வேலை நின்றுபோயிற்று. உங்கள் கடையில் இன்னொரு ஆள் எடுப்பதாக விளம்பரம் பார்த்தேன். திங்கட்கிழமை வருகிறேன். நாலு மாதம் என்பதை மறைக்க மாட்டேன். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம்.

ஆர்யாவுக்கு முத்தங்கள்.
செல்வி

ஸ்ரீவராகம்
12-6-2025

செல்வி,

வராதே. குழந்தை உண்டா, வயிற்றில் இருக்கிறதா என்று வருகிறவளிடம் கேட்கப்போவது நான். பொம்பளையிடம் பொம்பளைதான் கேட்க வேண்டுமாம். வந்தே தீருவாயென்றால் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஆர்யா பேச்சை வாய் தவறியும் எடுத்துவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஸ்ரீ

நாகர்கோவில்
18-6-2025

ஸ்ரீலட்சுமிக்கு,

பயப்படாதே. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"குழந்தை உண்டா?" என்று தலை நிமிராமல் கேட்டாய். நாலு மாதம் என்றேன். என் பெயரின் மேல் கோடு இழுத்தாய். ஆர்யாவை நினைத்து அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு முதலாளி கேட்டார், "இங்க பரிச்சயக்காரங்க ஆராவது உண்டா மக்ளே?" உன்னைப் பார்த்தேன். நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஆரும் இல்ல அண்ணாச்சி" என்றேன். உனக்காகச் சொன்ன பொய். பஸ் களியக்காவிளை தாண்டும்போது யோசித்துப் பார்த்தேன். அது பொய்யாகத் தெரியவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்.

பொன்செல்வி விஜய்குமார்