கிணற்றில் கடல் ஏறிய நாள்

அன்று உங்கள் லிங்கநகர் வீட்டு வளவில் நின்றவர்கள் நாலு பேர்: நீங்கள், கலியாணப் பெண்ணான உங்கள் மகள் பூரணி, என் அண்ணன் சிவகுரு, பக்கத்து வீட்டுக்காரியான நான்.

இன்று காலை அடுத்த வளவில் யாரோ தண்ணீர் இறைக்கும் மிசினை இழுத்து முடுக்கினார்கள். மண்ணெண்ணெய்ப் புகை வேலியால் வந்தது. குடித்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன், அக்கா. எத்தனை வருசம் போயும் அந்த மணத்துக்கு என் நாக்கு உப்புக் கரிக்கிறது.

தோட்டத்துக்கென்று நீங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளியதில்லை. குளித்த தண்ணீர் வாய்க்காலால் ஓடி, கரியும் தும்பும் போட்ட குழியில் ஊறி, முதலில் கல்வாழைக்கும் பிறகு மல்லிகைப் பந்தலுக்கும் போகும். பந்தலின் கீழே, சல்லிக் கடற்கரை ஊரில் உடைந்துபோன வள்ளத்தின் பலகையில் செய்த, குந்தி இருக்கிற வாங்கு. பாத்தி ஓரமெல்லாம் தலைகீழாய்ப் புதைத்த பச்சைப் போத்தல்கள். பூரணிக்குத் தாலி ஏறுவது அந்தப் பந்தலின் கீழ்தான் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தீர்கள். அதற்கு நாலு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் அண்ணன் மிசினோடு வந்தான். துறைமுகத்து வேலைத்தளத்தில் வேலை என்ற எடுப்பு அவனுக்கு. கலியாணத்துக்கு உங்கள் முற்றத்துப் புல்லைத் துரைமாரின் பங்களாப் புல்லைப்போல் பச்சையாக்கப் போகிறானாம். கால் மணித்தியாலம் ஓடவிட்டீர்கள். பிறகு முடுக்குகிற கயிற்றைக் கழற்றி என் கையில் தந்தீர்கள்.

"இதுக்கு மேலை இறைச்சா கிணத்துக்குள்ளை கடல் ஏறும். நான் வருமட்டும் குடுத்துப்போடாதை."

கலியாணம் சொல்லச் சல்லிக்குப் பூரணியோடு போனீர்கள். படலை சாத்தியதும் அவன் கையை நீட்டினான்.

"கயிறைத் தா."

"ஏலாது. அக்கா வரட்டும்."

"குளிச்ச தண்ணியிலை பூமரம் வளக்கிற மனிசிக்கு மிசினைப் பற்றி என்ன தெரியும்?"

"கிணத்தைப் பற்றித் தெரியும்."

"எழுத்துக்கூட்டி வாசிக்கிறனி நீ. எனக்குப் படிப்பிக்க வந்திட்டாய்!"

அந்தச் சொல்லுக்குத்தான் கூசிப்போனேன். மடியில் இருந்த கயிறு அவன் கைக்குப் போய்விட்டது. மூன்று மணித்தியாலம் ஓடியது மிசின். புல்லுக்கும் இறைத்தான், மல்லிகைக்கும் இறைத்தான்.

பின்னேரம் வந்தீர்கள். குழாய் நுனியில் விரலை வைத்து நாக்கில் தொட்டீர்கள். "கடல் வந்திட்டுது" என்றீர்கள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. நீங்களும் நானும் வேலிக்கு அப்பால் இருந்து நல்ல தண்ணீர் சுமந்து சுமந்து ஊற்றினோம். கலியாணத்தன்று மல்லிகை இலையெல்லாம் கருகித் தொங்கியது. தாலி கடுதாசிப் பூவின் கீழ் ஏறியது.

வந்த சனத்துக்கு முன்னால் அவன் சொன்னான்: "கயிறைத் தந்தது தங்கச்சிதானே."

"தந்தது அவள், இழுத்தது நீ" என்றீர்கள்.

கிணறு இனிக்க இரண்டு மாரி எடுத்தது. உங்கள் கல்வாழைக் கிழங்கு இப்போது என் வளவில் பூக்கிறது. அதற்கு நான் குளித்த தண்ணீர்தான். கலியாணம் முடிந்ததும் மிசினில் இருந்து நானே கழற்றி எடுத்த அந்தக் கயிற்றால் வாழைக்கு முட்டுக் கட்டியிருக்கிறேன். அவன் மூன்று தரம் கயிறைக் கேட்டான், கொடுக்கவில்லை. போன கிழமை நோயில் படுக்கையில் கிடந்து, வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினான், நான் போகவில்லை. நீங்கள் என்றால் போகச் சொல்வீர்கள், தெரியும். கூசிப்போய்க் கயிறு கொடுத்த என்னை, அன்று சனத்துக்கு முன்னால் நீங்கள் சொன்ன சொல்லுக்காக நானே மன்னித்துவிட்டேன், அக்கா. சிவகுருவை இல்லை.